கனடாவில் ஹோம்ஸ்டேயில் தங்கி 11, 12ஆம் வகுப்பு: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பி, ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் பள்ளிப்படிப்பை அங்கேயே முடிக்கவைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது. காலேஜ் விசாவுக்குத் தெருவுக்கு நாலு ஏஜென்ட் இருக்கிறார்கள். பள்ளி மாணவர் விசா அவர்களில் பலருக்குப் பழக்கமில்லாத விஷயம், காலேஜ் விதியையே இதற்கும் சொல்லிவிடுவார்கள். ஐஇஎல்டிஎஸ் கட்டாயம், மாகாணத்தின் அட்டஸ்டேஷன் கடிதம் (மாணவருக்கு மாகாண அரசு தரும் ஒப்புதல் கடிதம்) வேண்டும் என்றெல்லாம் காதில் விழும். 12ஆம் வகுப்பு வரை அந்தக் கடிதம் தேவையில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளி வாரியங்கள் ஐஇஎல்டிஎஸ் கேட்பதும் இல்லை.

ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கியூபெக் போவதானால் அந்த மாகாணத்தின் தனிச் சான்றும் வாங்க வேண்டும், அது இங்கே இல்லை. தொகைகள் எல்லாம் கனடிய டாலரில். ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், அன்றைய மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பள்ளி, வீடு, கஸ்டோடியன்: மூன்றும் வேறு வேறு

இதில் குழம்பினால் கடைசிவரை குழப்பம்தான். பள்ளியில் இடம் தருவது அந்த ஊர்ப் பள்ளி வாரியம். தங்க இடம் தருவது ஹோஸ்ட் குடும்பம், அவர்களை ஏற்பாடு செய்வது வாரியமோ அது கைகாட்டும் ஹோம்ஸ்டே நிறுவனமோ. கஸ்டோடியன் மூன்றாவது ஆள். கனடாவில் பிள்ளைக்குச் சட்டப்படிப் பொறுப்பேற்பவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வேண்டுமா, பள்ளியில் பிரச்சினையா, முதல் போன் அவருக்குத்தான் போகும்.

ஹோஸ்டே கஸ்டோடியனாக இருக்கலாம், ஆனால் தானாக ஆகிவிட மாட்டார். ஹோம்ஸ்டேக்குப் பணம் கட்டியாயிற்று என்று கஸ்டோடியன் படிவத்தை விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்த விண்ணப்பம் அங்கேயே நிராகரிக்கப்படும்.

ஸ்கார்பரோவிலோ சர்ரேயிலோ சித்தப்பா, பெரியம்மா இருந்தால் அவர்கள் வீட்டிலேயே தங்கவைக்கலாம், பல வாரியங்கள் இதை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் கஸ்டோடியனாக வருபவர் கனடியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் அண்ணன் ஆக முடியாது. “விசிட்டர் விசாவில் அனுப்பு, இங்கே நான் ஸ்கூலில் சேர்த்துவிடுகிறேன்” என்று உறவினர் சொன்னால் கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் படிக்க ஸ்டடி பெர்மிட் வேண்டும். பெற்றோரில் ஒருவர் அங்கே வேலை அல்லது படிப்பு அனுமதியோடு இருந்தால் கிடைக்கும் சலுகை, சித்தப்பா வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது.

2. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

பள்ளி திறப்பது செப்டம்பர் முதல் வாரம், லேபர் டே முடிந்ததும். நம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவது மே மாதம். ரிசல்ட் வந்தபின் தொடங்கினால் நல்ல வாரியங்களில் இடம் இருக்காது, இருந்தாலும் விசா நேரத்துக்கு வராது.

ஆகவே ஒன்பதாம் வகுப்பு முழு மதிப்பெண், பத்தாம் வகுப்பு காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களை வைத்து முந்தைய அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் வாரியத்துக்கு விண்ணப்பியுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பணம் கட்டி அட்மிஷன் கடிதம் வாங்குங்கள். ஏப்ரலில் கஸ்டோடியன் படிவம், மெடிக்கல். மே தொடக்கத்தில் ஸ்டடி பெர்மிட் விண்ணப்பம் போய்விட வேண்டும். பரிசீலனை சில வாரத்திலும் முடியும், சில மாதமும் இழுக்கும். ஆகஸ்டு 20 தாண்டியும் விசா வரவில்லையென்றால் பிப்ரவரி செமஸ்டருக்கு மாற்றித்தரச் சொல்லி வாரியத்துக்கு எழுதுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

3. வாரியத்தையும் வகுப்பையும் தேர்ந்தெடுப்பது

அரசுப் பள்ளி வாரியத்தையே முதலில் பாருங்கள். தனியார் பள்ளிதான் என்றால், ஒன்டாரியோ கல்வி அமைச்சகம் வெளியிடும் பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா, டிப்ளமா கிரெடிட் தரும் அனுமதி இருக்கிறதா என்று இரண்டையும் சரிபாருங்கள். மாலுக்கு மேலே இரண்டு அறையில் நடக்கும் ‘ஹைஸ்கூல்’களும் இருக்கின்றன. அங்கே வாங்கிய மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஒன்டாரியோ டிப்ளமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும், ஒரு முழுப் பாடத்துக்கு ஒரு கிரெடிட். இங்கே பத்து முடித்துப் போகும் பிள்ளைக்கு வழக்கமாக 16 கிரெடிட் கொடுத்து 11இல் சேர்ப்பார்கள். மீதி 14. வருடத்துக்கு 8 பாடம் என்றால் இரண்டு வருடத்தில் சிரமமின்றி முடியும். எழுத்தறிவுத் தேர்வும் சமூக சேவை மணிநேரமும் தனி. சேவை பொதுவாக 40 மணி, நடுவில் சேர்பவர்களுக்குப் பிரின்சிபல் குறைத்துத் தரலாம். பி.சி.யில் (பிரிட்டிஷ் கொலம்பியாவில்) 80 கிரெடிட், ஒரு பாடத்துக்கு 4.

இங்கே 11 முடித்துவிட்டு அங்கே 12இல் மட்டும் சேர்ப்பதை நான் சொல்ல மாட்டேன். போய் இறங்கியதும் ஆங்கில மதிப்பீடு வைப்பார்கள். அதில் ஈஎஸ்எல் பாடம் (ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கான ஆங்கிலம்) போட்டுவிட்டால், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேவையான 12ஆம் வகுப்பு யுனிவர்சிட்டி நிலை ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் வருடம் ஓடிவிடும். இன்ஜினியரிங்குக்கு அந்த ஆங்கிலத்தோடு அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், இயற்பியல், வேதியியல் எல்லாம் 12ஆம் வகுப்பு யுனிவர்சிட்டி நிலையில் வேண்டும். ஒன்டாரியோ பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முக்கியக் கெடு ஜனவரி நடுவில் வந்துவிடும்.

திரும்பி வந்து இங்கே மருத்துவம் படிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், 11, 12 இரண்டிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்தே தீர வேண்டும். டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்திடம், அங்கே படித்தது இங்குள்ள 12ஆம் வகுப்புக்குச் சமம் என்ற ஈக்விவலன்ஸ் சான்றும் வாங்க வேண்டும். அங்குள்ள கவுன்சலருக்கு நீட் என்றால் என்னவென்று தெரியாது. “உயிரியல் பிடிக்கவில்லையா, டிராமா எடு” என்று சிரித்த முகத்தோடு மாற்றிக் கொடுத்துவிடுவார். பாடத் தேர்வுப் படிவம் நீங்கள் பார்க்காமல் போகக் கூடாது.

4. பணம்

ஒரு பள்ளி ஆண்டுக்கு, அதாவது 10 மாதத்துக்கு, தோராயமாக இப்படி வரும்:

- டியூஷன்: 14,000 முதல் 18,000 வரை
- ஹோம்ஸ்டே: மாதம் 1,100 முதல் 1,500 வரை
- விண்ணப்பக் கட்டணம், ஹோம்ஸ்டே ஏற்பாட்டுக் கட்டணம், கஸ்டோடியன் கட்டணம்: ஒவ்வொன்றும் சில நூறு
- மருத்துவக் காப்பீடு: சில நூறு, சில வாரியங்களில் டியூஷனிலேயே அடக்கம்
- ஸ்டடி பெர்மிட் 150, பயோமெட்ரிக்ஸ் 85
- விமானம், குளிர்கால உடை, பஸ் பாஸ், போன், கைச்செலவு: தனி

கூட்டினால் 30,000 டாலரை ஒட்டி வரும், நம் கணக்கில் இருபது லட்சத்துக்கு முன்பின். பள்ளி மாணவர் வேலை பார்க்க முடியாது. வாரம் 24 மணிநேர அனுமதியெல்லாம் காலேஜ் மாணவருக்குத்தான். கைச்செலவை அங்கே சம்பாதித்துக்கொள்வான் என்ற கணக்கு வேண்டாம்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை வேறு கணக்கு. 2025 செப்டம்பர் 1 முதல் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895, அதோடு முதல் வருட டியூஷன், பயணச் செலவு. ஹோம்ஸ்டேக்கு முன்கூட்டியே கட்டியிருந்தால் ரசீதை இணையுங்கள். கடைசி நாலு மாத வங்கி ஸ்டேட்மென்ட் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் மாமனார் கணக்கிலிருந்து பத்து லட்சம் வந்து விழுந்திருந்தால் கேள்வி வரும். நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திர நகலும், அன்பளிப்பு என்றால் கொடுத்தவரின் கடிதமும் அவர் வங்கி ஸ்டேட்மென்டும் வையுங்கள்.

டியூஷனை வங்கி மூலம் நேரே வாரியத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், ஏஜென்ட் கணக்குக்கு வேண்டாம். மைனர் பெயரில் அனுப்பினால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி கேட்கும் ஏ2 படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்து அனுப்பினால் இரண்டு நிதியாண்டின் வரம்பும் கைகொடுக்கும்.

பணம் கட்டுமுன் ரீஃபண்ட் விதியை வாசியுங்கள். விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலான வாரியங்கள் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும், ஆனால் மறுப்புக் கடிதத்தை இத்தனாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை இருக்கும்.

5. கஸ்டோடியன் படிவம்: ஐஎம்எம் 5646

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. படிவத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கஸ்டோடியன் கனடாவில் நோட்டரி முன்பு கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் பெற்றோர் இங்கே நோட்டரி முன்பு கையெழுத்திட வேண்டும். இரண்டையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும்.

நடைமுறையில் என்ன தவறுகிறது?

அப்பா மட்டும் கையெழுத்துப் போடுவது. அம்மாவும் போட வேண்டும். ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்று, விவாகரத்து என்றால் பிள்ளை யார் பொறுப்பில் என்று சொல்லும் நீதிமன்ற ஆணை. துபாயில் வேலை பார்க்கும் அப்பா அங்கேயே நோட்டரி வாங்கித் தனிப் பக்கமாக அனுப்பலாம்.

நம் ஊர் நோட்டரி சீல் மட்டும் குத்திவிட்டுத் தேதி போடாமல் விடுவது. பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து நாலும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். சீல் மை எழுத்துமேல் பரவியிருந்தால் இன்னொரு பிரதியில் வாங்குங்கள்.

கஸ்டோடியன் முகவரியும் ஹோம்ஸ்டே முகவரியும் வெகுதூரத்தில் இருப்பது. பிள்ளை வான்கூவரில், கஸ்டோடியன் டொரன்டோவில் என்றால் அவசரத்துக்கு அவர் எப்படி வருவார் என்று அதிகாரி கேட்பது நியாயம்தானே.

சட்டப்படி 17 வயதுக்குக் கீழே கஸ்டோடியன் கட்டாயம். அதற்கு மேல், அந்த மாகாணத்தில் மேஜர் ஆகும்வரை, அதிகாரி விருப்பப்பட்டால் கேட்கலாம். ஒன்டாரியோவில் 18 வயதிலும் பி.சி.யில் 19 வயதிலும் மேஜர். எப்படியும் பள்ளி வாரியம் கேட்கும், ஆகவே 17 ஆனாலும் படிவத்தை வையுங்கள். ஆன்லைன் பட்டியலில் அதற்கென்று இடம் வராவிட்டால் ‘கிளையன்ட் இன்ஃபர்மேஷன்’ என்ற இடத்தில், விளக்கக் கடிதத்தோடு சேர்த்து ஏற்றுங்கள்.

6. இனிஷியல் தொல்லை

தமிழ்நாட்டுப் பெயர்கள் கனடிய அதிகாரிக்குப் புதிர். மார்க்‌ஷீட்டில் ‘எஸ். கவின்’, பாஸ்போர்ட்டில் ‘கவின் செல்வம்’, ஆதாரில் ‘கவின் எஸ்’. அப்பாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் ‘முருகேசன்’, அம்மாவுக்கு ‘செல்வம்’. ஒரே வீட்டில் குடும்பப் பெயர் ஒத்துப்போகவில்லையே, இவர்கள்தான் பெற்றோரா என்று கேள்வி எழும்.

பெற்றோர் இருவர் பெயரும் உள்ள ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழ் முதல் தேவை. எஸ். கவினும் கவின் செல்வமும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று. விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி: எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயரே பிள்ளைக்கு இனிஷியலாகவோ கடைசிப் பெயராகவோ வரும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். அட்மிஷன் கடிதம், பெர்மிட், காப்பீட்டு அட்டை எல்லாம் பாஸ்போர்ட் பெயரைத்தான் பின்பற்றும்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் இப்போதே பாருங்கள். 15 வயதுக்குள் எடுத்த மைனர் பாஸ்போர்ட் அதிகபட்சம் ஐந்து வருடம்தான். அது முடியும் தேதிக்கு மேல் பெர்மிட் தர மாட்டார்கள். ஒன்றரை வருடம்தான் மிச்சம் என்றால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள்.

7. ஸ்டடி பெர்மிட் விண்ணப்பம்

ஆன்லைனில்தான். பள்ளிக்கு டிஎல்ஐ எண் (வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் எண்) கேட்டுத் திண்டாட வேண்டாம், 12ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு ஃபைல்தான், 4 எம்பிக்குள். 300 டிபிஐயில் கலர் ஸ்கேன் எடுத்து ஏற்ற முடியாமல் நடுராத்திரியில் அல்லாடுபவர்கள் அதிகம். 150 டிபிஐ போதும், எழுத்து தெரிந்தால் சரி.

14 வயது முடிந்திருந்தால் பயோமெட்ரிக்ஸ் உண்டு. கட்டணம் கட்டியபின் வரும் கடிதத்தோடு சென்னை விஎஃப்எஸ் விசா விண்ணப்ப மையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். மெடிக்கலை, கனடா அங்கீகரித்த பேனல் டாக்டரிடம் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துத் தாளை இணைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். வேறு டாக்டர் எவ்வளவு பெரியவரானாலும் அவர் சான்று செல்லாது.

ஒப்புதல் வந்ததும் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டித் தருவார்கள். அது பெர்மிட் இல்லை. பெர்மிட் கனடிய விமான நிலையத்தில்தான் அச்சாகும். அதற்கான அறிமுகக் கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

8. ஹோம்ஸ்டே படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

வீடு பொருந்துவதும் பொருந்தாததும் இந்தப் படிவத்தில்தான் தீர்மானமாகிறது. நம் பெற்றோர் மாப்பிள்ளை பயோடேட்டா போல ‘எல்லாம் சாப்பிடுவான், எல்லோருடனும் பழகுவான்’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

சாப்பாடு: ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சில வீட்டில் மீனும் வரும், சிக்கன் ஸ்டாக்கில் செய்த சூப்பும் வரும். முட்டை, மீன், மாட்டிறைச்சி, பன்றி, ஜெலட்டின் ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று எழுதுங்கள். வழக்கமாக மூன்று வேளை உணவு கட்டணத்தில் சேர்ந்தது. ஆனால் காலையில் சீரியலும் பாலும் பிள்ளையே எடுத்துக்கொள்ள வேண்டும், மதியத்துக்கு சாண்ட்விச்சோ நேற்றைய மீதியோ தானே டப்பாவில் போட்டுக்கொள்ள வேண்டும். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. ஒன்பது மணிக்குப் பசிக்கிறது என்றால் என்ன செய்வது, சமையலறையை எத்தனை மணிவரை பயன்படுத்தலாம் என்பதை முன்பே கேளுங்கள். ரைஸ் குக்கரில் சாதமும் பருப்பும் வைக்கத் தெரிந்த பிள்ளை பாதிக் கஷ்டத்தைத் தாண்டிவிடும். தாளிப்பது வேறு கதை. கடுகு, மிளகாய் வெடித்த புகைக்கு ஸ்மோக் அலாரம் அடித்துவிடும்.

அறை: ஒருவருக்கான தனி அறை, கட்டில், மேசை, ஜன்னல். பேஸ்மென்ட் என்றால், தீப்பிடித்தால் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா என்று புகைப்படம் கேளுங்கள். வீட்டிலுள்ள 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நல்ல நிறுவனம் தானே சொல்லும்.

நாய், பூனை இல்லாத வீடு அங்கே கிடைப்பது சிரமம். அலர்ஜி இருந்தால் டாக்டர் சான்றோடு எழுதுங்கள், பயம் மட்டும் என்றால் அதையும் எழுதுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு பஸ்ஸில் எத்தனை நிமிடம், எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேளுங்கள். கிலோமீட்டரைக் கேட்டுப் பயனில்லை.

ஹோஸ்ட் என்றதும் வெள்ளைக்காரக் குடும்பம்தான் வரும் என்று நினைக்காதீர்கள். பிலிப்பினோ, சீன, பஞ்சாபி, கரீபியன் குடும்பங்கள் ஏராளம், தனியாக வாழும் ஓய்வுபெற்ற அம்மாக்களும் உண்டு. இதை ஏமாற்று என்று சண்டை போட்ட பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசுவார்களா என்று கேட்பது சரி. நிறம் கேட்பது அசிங்கம்.

9. பயணமும் இறங்கும் இடமும்

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்காமல் ஒரே டிக்கெட்டில் வாங்குங்கள், மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணிநேரம் விடுங்கள். தனியாகப் போகும் சிறார்க்கான துணைச் சேவை இருக்கிறதா, அந்த வழியில் கிடைக்குமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். பல நிறுவனங்கள் விமானம் மாறும் பயணத்தில் அதைத் தருவதில்லை.

கைப்பையில் ஒரு ஃபோல்டர்: பாஸ்போர்ட், அறிமுகக் கடிதம், அட்மிஷன் கடிதம், கஸ்டோடியன் படிவம், பெற்றோர் சம்மதக் கடிதம், ஹோஸ்ட், கஸ்டோடியன் முகவரியும் போனும், பணம் கட்டிய ரசீது. அதிகாரி பெர்மிட்டைக் கொடுத்ததும் பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி மூன்றையும் அங்கேயே நின்று வாசிக்கச் சொல்லிப் பழக்குங்கள். கவுன்டரில் ஐந்து நிமிடத்தில் சரியாகும் பிழை, வெளியே வந்தபின் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

10. முதல் மாதம்

ஒன்டாரியோவில் அரசுக் காப்பீடான ஓஹிப் இவர்களுக்குக் கிடையாது, தனியார் காப்பீடுதான். பி.சி.யில் எம்எஸ்பி என்ற அரசுக் காப்பீடு உண்டு, மாதம் 75 டாலர். ஆனால் வந்த மாதத்தின் மீதியும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும், அதுவரை தனியார் காப்பீடு. பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் இவற்றில் சேராது. பல் அடைப்பு, புதுக் கண்ணாடி எல்லாம் இங்கேயே முடித்து, பவர் சீட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் டாக்டர் கையெழுத்தோடு எடுத்துப் போக வேண்டும். ஒன்டாரியோவில் கேட்கும் ஊசிகளில் மெனிஞ்சோகாக்கல் நம் அரசு அட்டவணையில் இல்லாதது. 2010இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு சின்னம்மை ஊசியும் சேரும். பதிவு இல்லையென்றால் நோட்டீஸ் வரும், அதையும் கவனிக்காவிட்டால் 20 பள்ளி நாள்வரை சஸ்பெண்ட் செய்ய முடியும்.

கனத்த குளிர்கோட்டை சென்னையில் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். அக்டோபரில் அங்கேயே வாங்கினால் அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றதாகக் கிடைக்கும். பூட்ஸும் அப்படியே.

11. வீடு ஒத்துவரவில்லை என்றால்

முதல் மூன்று வாரம் எல்லாப் பிள்ளைகளும் அழும், அதை வைத்து வீட்டை மாற்றாதீர்கள். சாப்பாடு போதவில்லை, அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, சத்தம் அதிகம் போன்றவற்றைப் பிள்ளையே தேதியோடு ஹோம்ஸ்டே கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சலில் எழுதட்டும், உங்களுக்கும் கஸ்டோடியனுக்கும் ஒரு பிரதி. நீங்கள் நள்ளிரவில் ஹோஸ்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் கத்துவது காரியத்தைக் கெடுக்கும். மாற்ற வேண்டுமானால் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் நோட்டீஸ் கேட்பார்கள். சொல்லாமல் வெளியேறினால் அந்த மாதப் பணம் போகும், வாரியத்தின் விதியை மீறியதாகவும் ஆகும்.

ஆனால் உடல்ரீதியான தொந்தரவு, பூட்டிவைப்பது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைப்பது, கடன் கேட்பது போன்றவற்றுக்கு நோட்டீஸ் கிடையாது. அன்றே கஸ்டோடியன் வந்து கூட்டிப்போக வேண்டும், ஆபத்து என்றால் 911. இந்த எண்ணையும் கோஆர்டினேட்டரின் 24 மணிநேர எண்ணையும் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டு வாரத்துக்கும் ஹோம்ஸ்டே பணம் உண்டா, ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வரும்போது பெட்டியை அங்கே வைக்கலாமா, அதற்குக் கட்டணமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

12. இரண்டாம் வருடமும் அதற்கு அப்பாலும்

பெர்மிட்டை ஒரே வருடத்துக்குத் தந்திருந்தால், முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், ஏனென்றால் அதற்கும் புது அட்மிஷன் கடிதமும் புதுக் கஸ்டோடியன் படிவமும் நோட்டரியோடு வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள விசா தனி. அது முடிந்த பின் ஊருக்கு வந்தால், திரும்பிப் போகப் புது விசா வாங்க வேண்டும்.

12 முடித்துப் பல்கலைக்கழகம் போகும்போது மாகாண அட்டஸ்டேஷன் கடிதத்தோடு பெர்மிட்டை நீட்டிக்க வேண்டிவரும். கனடாவில் பள்ளி முடித்தால் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம், பள்ளிப் படிப்புக்கே வொர்க் பெர்மிட் என்று யாராவது சொன்னால் இரண்டும் பொய். கட்டணம் வெளிநாட்டு மாணவர் கட்டணமாகவே தொடரும். படிப்புக்குப் பிந்தைய வொர்க் பெர்மிட்டுக்குப் பள்ளி வருடங்கள் கணக்கில் வராது. அந்த நாலு வருடச் செலவையும் இப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு முதல் தவணையைக் கட்டுங்கள்.